கப்பல் ஏறியவர்கள், கரையில் நின்றவர்கள்: கறுப்பின இயக்குநர்களின் படங்களில் பயணமும் நினைவும்

1955-இல் பாரிஸில் இருந்த ஆப்பிரிக்க இளைஞர்கள் சிலர் சேர்ந்து ஒரு சின்னப் படம் எடுத்தார்கள். பெயர் 'ஆஃப்ரிக் சுர் சென்'. அந்தக் குழுவில் முக்கியமானவர் பாலின் வியேரா, இன்றைய பெனின் நாட்டின் போர்ட்டோ நோவோவில் பிறந்து, பாரிஸில் சினிமா படித்தவர். ஆப்பிரிக்காவுக்கே போய்ப் படம் பிடிக்கத்தான் அவர்களுக்கு ஆசை. ஆனால் பிரெஞ்சு அரசு 1934-லேயே ஓர் ஆணை போட்டு வைத்திருந்தது: ஆப்பிரிக்கக் காலனிகளில் யார் கேமராவைத் தூக்கினாலும் அரசின் அனுமதி வேண்டும். அனுமதி கிடைக்கவில்லை. அதனால் பாரிஸ் தெருக்களில் நடமாடிய கறுப்பின மாணவர்களையும் தொழிலாளிகளையும் படம் பிடித்தார்கள். கறுப்பின ஆப்பிரிக்கர்கள் எடுத்த முதல் படங்களில் ஒன்றாகச் சினிமா வரலாற்றில் சொல்லப்படும் படம் இது. தொடக்கமே சொந்த மண்ணுக்கு வெளியில்தான் நடந்தது என்பதை மனதில் வைத்துக்கொண்டால், அப்புறம் வந்த பல படங்கள் சட்டென்று புரிய ஆரம்பிக்கும்.

கறுப்பின இயக்குநர்களின் படங்களைப் புதிதாகப் பார்ப்பவர்களுக்கு ஒரு கேள்வி வரும். ஏன் இத்தனை கப்பல், இத்தனை கடற்கரை, இத்தனை பெட்டி, இத்தனை ஆவிகள்? ஊர்விட்டு ஊர் போகும் கதை என்றால் போய்ச் சேர்ந்த இடத்தில் என்ன ஆனது என்றுதானே காட்ட வேண்டும், ஏன் இவர்கள் திரும்பத் திரும்பக் கிளம்பிய இடத்தையே பார்க்கிறார்கள்? இந்தக் கேள்விக்கு எனக்குத் தெரிந்தவரை பதில் சொல்லிப் பார்க்கிறேன்.

வழக்கமான பயணப் படத்தில் போகிறவர் பின்னாலேயே கேமராவும் போகும். புது ஊர், புது மனிதர்கள், கடைசியில் ஒரு வெற்றி அல்லது தோல்வி. நான் சொல்லப்போகும் படங்களில் அந்தப் பாதி இருந்தாலும் கதையின் கனம் அங்கே இல்லை. போனவர்களை யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள், எதில் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார்கள் என்பதில்தான் இருக்கிறது. அதற்குக் காரணம் வரலாறு. அட்லாண்டிக் அடிமை வணிகத்தில் ஏறக்குறைய 1.25 கோடி ஆப்பிரிக்கர்கள் கப்பலேற்றப்பட்டார்கள், சுமார் 1.07 கோடி பேர்தான் உயிரோடு கரை இறங்கினார்கள் என்பது வரலாற்றாய்வாளர்களின் கணக்கு. ஏற்றியவர்கள் கணக்குப் புத்தகம் வைத்திருந்தார்கள். அதில் இருந்தது பெரும்பாலும் எண்ணிக்கையும் விலையும்தான், பெயர்கள் இல்லை. ஆக, அந்தப் பயணத்தின் எழுத்துப் பதிவு பெரும்பாலும் எதிர்த்தரப்பின் கையில். அப்புறம் 20-ஆம் நூற்றாண்டில் அதே கடலைக் கடந்து பிழைப்புக்காகப் போனவர்களின் பதிவும் குடிவரவு அலுவலகத்திலும் செய்திப் படச் சுருளிலும்தான் இருந்தது. தன்னிடம் பதிவு இல்லாத மக்கள் நினைவை வேறு எங்கே வைப்பார்கள்? பாட்டில் வைப்பார்கள், பாட்டி வைத்திருக்கும் தகரப் பெட்டியில் வைப்பார்கள், சுவரில் மாட்டிய ஒரு முகமூடியில் வைப்பார்கள், செத்துப்போனவர்கள் திரும்பி வந்து பேசுவதாகச் சொல்லும் கதையில் வைப்பார்கள். இந்த இயக்குநர்கள் கேமராவை அங்கேதான் கொண்டுபோய் வைத்தார்கள்.

முகமூடி என்று சொன்னேன் அல்லவா, அதிலிருந்தே ஆரம்பிக்கலாம். செனகல் நாட்டின் உஸ்மான் செம்பேன் 1966-இல் எடுத்த 'பிளாக் கேர்ள்'. செம்பேன் மீனவர் ஒருவரின் மகன். பிரான்ஸின் மார்செய் துறைமுகத்தில் மூட்டை தூக்கிப் பிழைத்தவர், தானாகப் படித்து நாவலாசிரியர் ஆனவர், எழுதப் படிக்கத் தெரியாத தன் மக்களிடம் புத்தகம் போய்ச் சேராது, சினிமா சேரும் என்று நாற்பது வயதையொட்டி மாஸ்கோவுக்குப் போய்ச் சினிமா கற்றவர். அவருடைய இந்தப் படம் ஒரு மணி நேரம்தான் ஓடும். கதையும் சின்னது. டக்கார் நகரத்துப் பெண் டியுவானா, ஒரு பிரெஞ்சுக் குடும்பத்தின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வேலைக்குச் சேர்கிறாள். பிறகு அவர்களோடு பிரான்ஸின் ஆன்டிப் நகரத்துக்குப் போகிறாள். போனால் அங்கே சமையல், துணி துவைப்பது, வீடு கழுவுவது என்று எல்லாமே அவள் தலையில்.

இந்தப் படத்தில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். முதலாவது, அவள் உடை. நல்ல கவுனும் குதிகால் உயர்ந்த செருப்பும் போட்டுக்கொண்டுதான் தரை துடைக்கிறாள், ஏனென்றால் அவள் மனதில் இன்னும் பயணம் முடியவில்லை, பிரான்ஸைப் பார்க்க வந்தவளாகவே தன்னை நினைக்கிறாள். வீட்டுக்காரி அவளுக்கு ஏப்ரன் கட்டிவிடுகிறாள், செருப்பைக் கழற்றச் சொல்கிறாள். துறைமுகத்திலிருந்து காரில் வந்தபோது ஜன்னல் வழியே பார்த்ததோடு சரி, அதற்குப் பிறகு பிரான்ஸ் என்பது சமையலறை, கூடம், குளியலறை, படுக்கையறை, அவ்வளவுதான் என்று மனதுக்குள் சொல்லிக்கொள்கிறாள். அத்தனை தூரம் கடல் கடந்து வந்தும் அவள் உலகம் நாலு அறைக்குள் சுருங்கிவிடுகிறது.

இரண்டாவது, அந்த மரமுகமூடி. வேலை கிடைத்த சந்தோஷத்தில் தன் வீட்டுச் சிறுவனிடமிருந்து வாங்கி எஜமானிக்குப் பரிசாகக் கொடுத்தது அது. டக்கார் வீட்டில் பல பொருட்களோடு அதுவும் ஒன்றாகக் கலந்து கிடந்தது. ஆன்டிப்பில் வெள்ளைச் சுவரில் தனியாகத் தொங்குகிறது. ஒரு கட்டத்தில் டியுவானா அதைச் சுவரிலிருந்து எடுத்துக்கொள்கிறாள், எஜமானி விடாமல் பிடித்து இழுக்கிறாள். டியுவானா தற்கொலை செய்துகொள்கிறாள். வீட்டுக்காரர் அவளுடைய பெட்டி, சம்பளப் பாக்கி, முகமூடி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு டக்காருக்கு வருகிறார். பணத்தை அவள் அம்மா தொடமாட்டேன் என்கிறார். அந்தச் சிறுவன் மட்டும் முகமூடியை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டு அந்த மனிதரின் பின்னாலேயே நடக்கிறான். அவர் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு, நடையை வேகமாக்கிக் காருக்கு ஓடுகிறார். ஒரு வசனம் கிடையாது. நினைவு என்பது ஒருவரைத் துரத்தக்கூடியது என்று இதைவிடத் தெளிவாகக் காட்டிய காட்சியை நான் பார்த்ததில்லை.

அடுத்தது ஒரே குடும்பத்துக்குள் ஓடுகிற கதை. சிப்ரில் தியோப் மாம்பெத்தி, இவரும் டக்கார்க்காரர்தான். 1973-இல் 'துக்கி பூக்கி' எடுத்தார். மாடு மேய்க்கும் மோரியும் பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஆன்ட்டாவும் எப்படியாவது பாரிஸ் போய்விட வேண்டும் என்று துடிக்கிறார்கள். மோரியின் பைக்கின் முன்னால் மாட்டுக் கொம்போடு கூடிய மண்டை ஓடு. பின்னணியில் 'பாரி, பாரி' (பாரிஸ், பாரிஸ்) என்று பாடகி ஜோசஃபின் பேக்கரின் குரல் திரும்பத் திரும்ப வருகிறது. திருடி, ஏமாற்றி, எப்படியோ டிக்கெட் வாங்கித் துறைமுகத்துக்கு வந்துவிடுகிறார்கள். கப்பலில் ஏறும் படியில் மோரியின் கால் நின்றுவிடுகிறது. திரும்பி ஓடுகிறான். ஆன்ட்டா போய்விடுகிறாள். அவன் ஏன் ஓடினான் என்று படம் விளக்காது, விளக்காததுதான் அதன் பலம் என்று நினைக்கிறேன். படத்தின் தொடக்கத்தில் மாடுகளை அறுக்குமிடத்துக்கு இழுத்துப்போவதைக் காட்டியிருப்பார், அந்தக் காட்சி கப்பல் படியில் நிற்கும்போது நமக்குத் தானாக ஞாபகம் வரும்.

சரி, இதன் தொடர்ச்சி 40 ஆண்டு கழித்து வருகிறது. மாம்பெத்தியின் தம்பி மகள் மத்தி தியோப், பாரிஸில் பிறந்து வளர்ந்தவர். அவர் 2013-இல் 'மில் சொலெய்' என்ற படத்தை எடுத்தார். மோரியாக நடித்த மகாயே நியாங் நிஜ வாழ்க்கையிலும் டக்காரை விட்டுப் போகவில்லை, மாடுகளோடுதான் இருந்தார். ஆன்ட்டாவாக நடித்த பெண் உண்மையிலேயே கடல் கடந்து போய்விட்டிருந்தார். டக்காரில் ஒரு திறந்தவெளித் திரையில் பழைய படத்தைப் போடுகிறார்கள். வயதான மகாயே திரையில் ஓடும் தன்னுடைய இளமையைக் காட்டி அது நான்தான் என்கிறார், பக்கத்தில் இருக்கும் பொடியன்கள் நம்பவில்லை. எது நடிப்பு, எது வாழ்க்கை என்று இயக்குநர் பிரித்துக் காட்டவே இல்லை. போகாதவனும் ஒரு வகையில் ஊரை இழக்கிறான், கூட இருந்தவர்கள் எல்லோரும் போய்விட்டதால். புலம்பெயர்வைப் பற்றிப் பேசும்போது இந்தப் பக்கத்தை நாம் எவ்வளவு எளிதாக மறந்துவிடுகிறோம்!

அதே மத்தி தியோப் 2019-இல் எடுத்த 'அட்லாண்டிக்ஸ்' பிரான்ஸின் கான் திரைப்பட விழாவில் இரண்டாவது பெரிய விருதான கிராண்ட் பிரி வாங்கியது. போட்டிப் பிரிவில் இடம்பெற்ற முதல் கறுப்பினப் பெண் இயக்குநரும் அவர்தான். இந்தக் கதைக்குப் பின்னால் இருப்பது நிஜம். 2006-இல் மட்டும் மேற்கு ஆப்பிரிக்கக் கரையிலிருந்து 30,000-க்கும் மேற்பட்டவர்கள் படகுகளில் ஸ்பெயினின் கனேரித் தீவுகளுக்குப் போய்ச் சேர்ந்தார்கள், வழியில் கடலோடு போனவர்களும் ஏராளம். படத்தில் டக்காரில் ஒரு பெரிய கோபுரம் கட்டும் கூலியாட்களுக்கு மாதக்கணக்கில் சம்பளம் தரவில்லை. ஓர் இரவு அவர்கள் மீன்பிடிப் படகில் ஏறிப் போய்விடுகிறார்கள். படகுப் பயணத்தை நாம் பார்ப்பதே இல்லை! கேமரா கரையிலேயே, அவர்களுடைய காதலிகளோடு நிற்கிறது. பிறகு இறந்துபோன அந்த ஆண்கள் இரவில் இந்தப் பெண்களின் உடம்பில் இறங்கி, கண் வெளுத்து, முதலாளி வீட்டுக்குப் போய்ச் சம்பளப் பாக்கியைக் கேட்கிறார்கள். ஆவி என்றதும் பேய்ப்படம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். கூலி கணக்கில் எழுதப்படாதபோது, கேட்க வேறு யாரும் இல்லாதபோது, ஆவியாவது வந்து கேட்கட்டும் என்ற நியாயம் அதில் இருக்கிறது.

இப்போது கடலின் அந்தப் பக்கம் போகலாம், அமெரிக்காவுக்கு. அங்கே நடந்த பெரும் இடப்பெயர்வு நாட்டுக்குள்ளேயே நடந்தது. ஏறக்குறைய 1910-லிருந்து 1970 வரை சுமார் 60 லட்சம் கறுப்பினத்தவர்கள் தென் மாநிலங்களை விட்டு சிகாகோ, டெட்ராய்ட், நியூயார்க், லாஸ் ஏஞ்சல்ஸ் என்று போனார்கள். தெற்கில் இனப்பாகுபாட்டுச் சட்டங்கள், கும்பலாக வந்து கட்டித் தூக்கும் கொலைகள், பருத்தியை அழித்த வண்டு. வடக்கில் முதல் உலகப்போரால் ஆள் பற்றாக்குறையான தொழிற்சாலைகள். வடக்கே வேலை இருக்கிறது என்ற செய்தியைத் தாங்கிய கறுப்பினப் பத்திரிகைகளை ரயிலில் வேலை பார்த்த கறுப்பினப் பணியாளர்கள் தெற்குக்கு எடுத்துப்போய்க் கைமாற்றினார்கள்.

இந்த இடப்பெயர்வைப் பற்றி நான் மிகவும் நேசிக்கும் படம் ஜூலி டேஷ் 1991-இல் எடுத்த 'டாட்டர்ஸ் ஆஃப் த டஸ்ட்'. அமெரிக்காவில் ஒரு கறுப்பினப் பெண் இயக்கி நாடு முழுக்கத் திரையரங்குகளுக்கு வந்த முதல் முழுநீளப் படம். நடப்பது 1902-இல், தென் கரோலினா, ஜார்ஜியா கரையை ஒட்டிய தீவுகளில். அங்கே வாழும் கல்லா (Gullah) என்ற கறுப்பின மக்கள் தனித்திருந்ததால் ஆப்பிரிக்கச் சொற்களையும் வழக்கங்களையும் மற்ற இடங்களைவிட அதிகமாகக் காப்பாற்றி வைத்திருந்தார்கள். பீசண்ட் குடும்பம் மறுநாள் வடக்கே கிளம்பப்போகிறது. படம் முழுவதும் அந்தக் கடைசி நாள்தான். எல்லோரும் கூடிச் சமைக்கிறார்கள், சாப்பிடுகிறார்கள், சண்டை போடுகிறார்கள். நானா என்ற முதிய பாட்டி மட்டும் நான் வரமாட்டேன் என்கிறாள். அவளிடம் ஒரு தகரப் பெட்டி, அதில் பழைய துண்டுத் துணிகள், செத்துப்போன தன் தாயின் தலைமயிர். இன்னும் பிறக்காத ஒரு குழந்தை கதையைச் சொல்கிறது. அவுரிச் செடியிலிருந்து நீலச்சாயம் எடுக்கும் வேலையில் அடிமைகளாக இருந்த முதியவர்களின் கைகள் இன்னும் நீலமாகவே இருக்கின்றன. நிஜத்தில் சாயம் அத்தனை காலம் கையில் நிற்காது. சங்கிலியையும் சாட்டைத் தழும்பையும் காட்டிச் சலித்துப்போன சினிமாவுக்கு, அடிமைத்தனத்தின் சுவடாக வேறொன்றைத் தர டேஷ் வேண்டுமென்றே செய்தது அது.

இந்தப் படத்தில் ஒரு விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். 1803-இல் ஜார்ஜியாவின் செயின்ட் சைமன்ஸ் தீவில், மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துக் கொண்டுவரப்பட்ட இக்போ இன மக்கள் சிலர் அடிமையாக வாழ மறுத்துத் தண்ணீருக்குள் நடந்தார்கள். இது வரலாற்றில் பதிவான நிகழ்ச்சி. மக்களின் வாய்மொழியில் அது வேறு கதையாக வளர்ந்தது: அவர்கள் மூழ்கவில்லை, தண்ணீரின் மேலேயே நடந்து ஆப்பிரிக்காவுக்குத் திரும்பிப் போனார்கள். படத்தில் ஒரு பெண் இந்த அற்புதக் கதையைச் சொல்கிறாள். இன்னொரு முதியவர், அப்படியெல்லாம் இல்லை, அவர்கள் மூழ்கிச் செத்தார்கள் என்கிறார். டேஷ் இரண்டையும் வைக்கிறார், எதையும் பொய் என்று தள்ளவில்லை. என்ன நடந்தது என்பது ஒரு நினைவு, நடந்ததைத் தாங்கிக்கொள்ள மக்கள் என்ன சொல்லிக்கொண்டார்கள் என்பது இன்னொரு நினைவு. இரண்டுமே வரலாற்றுக்கு வேண்டும். கல்லா பேச்சு முதலில் புரியாமல் தடுமாற வைக்கும், பத்து நிமிடம் பொறுத்தால் காது பழகிவிடும்.

வடக்கிலோ மேற்கிலோ போய்ச் சேர்ந்தவர்களுக்கு என்ன ஆனது என்று கேட்டால் சார்ல்ஸ் பர்னெட்டைப் பாருங்கள். மிசிசிப்பியில் பிறந்து சிறுவயதிலேயே லாஸ் ஏஞ்சல்ஸ் வந்தவர். அவருடைய 1990-ஆம் ஆண்டுப் படம் 'டு ஸ்லீப் வித் ஆங்கர்'. நகரத்துக்கு வந்து பல ஆண்டு ஆன பிறகும் பின்கட்டில் கோழி வளர்த்துக்கொண்டு காய்கறி போட்டுக்கொண்டு வாழும் ஒரு குடும்பம். ஊரிலிருந்து பழைய நண்பர் ஹாரி வந்து இறங்குகிறார். கனிவாகப் பேசுகிறார், பழங்கதை சொல்கிறார், சீட்டு விளையாடுகிறார், மெல்ல மெல்ல வீட்டுக்குள் விஷம் ஏறுகிறது. ஊர் நினைவு என்றால் எப்போதும் இனிப்பாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு இந்தப் படத்தைக் கட்டாயம் சொல்வேன். விட்டு வந்த ஊரில் பாட்டும் வைத்தியமும் மட்டும் இருக்கவில்லை, அங்கே செய்த கொடுமைகளும் தீராத பகைகளும் இருந்தன, அவையும் வீட்டு முகவரி விசாரித்து வந்து சேரும். டானி குளோவர் அந்த ஹாரியாகச் சிரித்துக்கொண்டே பயமுறுத்துவார்.

பிரிட்டனில் கதை வேறு மாதிரி. அங்கே பதிவு நிறைய இருந்தது, யார் எடுத்தது என்பதுதான் பிரச்சினை. 1948 ஜூனில் 'எம்பயர் விண்ட்ரஷ்' கப்பலில் கரீபியன் தீவுகளிலிருந்து வந்தவர்களைச் செய்திப்படக்காரர்கள் படம் பிடித்தார்கள். அதற்குப் பிறகும் பிடித்துக்கொண்டே இருந்தார்கள், பெரும்பாலும் இந்த மக்கள் ஒரு பிரச்சினை என்ற கோணத்தில். கானாவில் பிறந்து சிறுவயதில் பிரிட்டன் வந்த ஜான் அகாம்ஃப்ரா, 1982-இல் நண்பர்களோடு பிளாக் ஆடியோ ஃபிலிம் கலெக்டிவ் என்ற குழுவைத் தொடங்கினார். பர்மிங்காமின் ஹேண்ட்ஸ்வொர்த் பகுதியில் கரீபியன், இந்தியத் துணைக்கண்டம் இரண்டிலிருந்தும் வந்தவர்கள் வாழ்ந்தார்கள். 1985-இல் அங்கே கலவரம் வெடித்தது. அதைப் பற்றி இந்தக் குழு எடுத்த 'ஹேண்ட்ஸ்வொர்த் சாங்ஸ்' படத்தில் பழைய செய்திச் சுருள்களை எடுத்து, வேறு ஒலியோடு, வேறு வேகத்தில் போட்டார்கள். 2010-இல் அகாம்ஃப்ரா எடுத்த 'த நைன் மியூசஸ்' படத்தில் பழைய தொலைக்காட்சிச் சுருள்களில் குளிரில் நடுங்கும் புதிதாக வந்தவர்கள், பனிமூடிய அலாஸ்கா நிலக்காட்சி, கடலில் அலைந்து ஊர் திரும்புபவனைப் பாடும் ஹோமரின் கிரேக்கக் காவியம் ஒடிசியிலிருந்து வாசிப்பு எல்லாம் ஒன்றாகப் பின்னப்பட்டிருக்கும். செய்தியில் நாலு நொடி காட்டிவிட்டுப் போன ஒரு முகத்தின்மேல் இவர் நிதானமாகத் தங்குகிறார். அப்போதுதான் அந்த மனிதர் என்ன நினைத்திருப்பார் என்று நமக்கு யோசிக்கத் தோன்றுகிறது.

இது வெறும் கலை ரசனை விஷயம் என்று யாராவது நினைத்தால் 2018-இல் வெளிவந்ததைச் சொல்ல வேண்டும். விண்ட்ரஷ் கப்பலுக்குப் பிந்தைய அந்தக் காலத்தில் கரீபியனிலிருந்து குழந்தைகளாக வந்து, வாழ்நாளெல்லாம் பிரிட்டனில் உழைத்து வரி கட்டியவர்களை, சட்டப்படி இருப்பதற்கு ஆதாரம் காட்டு என்று அரசு கேட்டது. பலர் வேலை இழந்தார்கள், சிகிச்சை மறுக்கப்பட்டார்கள், சிலர் நாடு கடத்தப்பட்டே விட்டார்கள். அவர்கள் கப்பலிலிருந்து இறங்கியதற்குச் சாட்சியாக இருந்த வருகைச் சீட்டுகளை 2010-லேயே உள்துறை அழித்துவிட்டிருந்தது. நினைவை யார் கையில் விட்டுவைக்கிறோம் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை.

இன்னொரு படத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மௌரித்தானியாவின் அப்தர்ரஹ்மான் சிசாக்கோ 2002-இல் எடுத்த 'வெயிட்டிங் ஃபார் ஹாப்பினஸ்'. நுவாதிபு என்ற கடலோர ஊரில் ஐரோப்பாவுக்குப் போகக் காத்திருக்கும் இளைஞன் ஒருவன். வேறு நாட்டில் வளர்ந்ததால் அந்த ஊர் மொழியே அவனுக்குத் தெரியாது. அறையின் ஜன்னல் தரையோடு இருப்பதால் தெருவில் போகிறவர்களின் கால்களை மட்டும் பார்த்துக்கொண்டு கிடக்கிறான். கிளம்பும் முன்பே அந்நியனாகிவிட்ட ஒருவனின் படம்.

கடைசியாக 'தஹோமே', மத்தி தியோப்பின் 2024-ஆம் ஆண்டு ஆவணப்படம், பெர்லின் திரைப்பட விழாவின் முதல் பரிசான தங்கக் கரடி வாங்கியது. 1892-இல், இன்றைய பெனினில் இருந்த தஹோமே அரசின் தலைநகரான அபோமேயைப் பிடித்த பிரெஞ்சுப் படை அரண்மனைச் சொத்துகளைக் கொள்ளையடித்துப் போனது. அவற்றில் 26-ஐ 2021 நவம்பரில் பாரிஸ் அருங்காட்சியகத்திலிருந்து பெனினுக்குத் திருப்பி அனுப்பினார்கள். இங்கே பயணிகள் மனிதர்கள் இல்லை, சிலைகளும் சிம்மாசனமும். ஒரு சிலையைப் பெட்டிக்குள் வைத்து மூடி ஆணி அடிக்கும்போது கேமராவும் உள்ளேயே இருக்கிறது. இருட்டில் அந்தச் சிலை அந்த மண்ணின் ஃபோன் (Fon) என்ற மொழியில் பேசுகிறது. தன்னைப் பெயர் சொல்லாமல் 26 என்ற எண்ணால் அழைத்ததைச் சொல்லி வருந்துகிறது. கப்பல் கணக்குப் புத்தகம் ஞாபகம் வருகிறதா?

ஆனால் இந்தப் படத்தை உயர்த்துவது பிற்பகுதியில் வரும் பல்கலைக்கழக மாணவர்களின் விவாதம்தான். ஆயிரக்கணக்கில் எடுத்துப்போய்விட்டு 26-ஐத் தருவது அவமானம் என்கிறார் ஒருவர். வந்தவரைக்கும் நல்லது என்கிறார் இன்னொருவர். இவற்றைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தால் கிராமத்துப் பிள்ளைகள் எப்படி வந்து பார்ப்பார்கள் என்ற கேள்வியும் வருகிறது. கோபத்தோடு, குறுக்கே பேசிக்கொண்டு, ஒரு முடிவுக்கும் வராமல் அந்தப் பிள்ளைகள் சண்டை போடுவதை முழுசாகக் கேட்க விட்டிருக்கிறார் இயக்குநர். திரும்பி வந்த பிறகும் வேலை முடிவதில்லை என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

எங்கே ஆரம்பிப்பது என்றால், 'பிளாக் கேர்ள்' முதலில். ஒரு மணி நேரம்தான், கதையும் நேரடியானது. அதற்குப் பிறகு 'அட்லாண்டிக்ஸ்', அது நெட்ஃபிளிக்ஸ் வழியாகப் பல நாடுகளில் வெளியான படம் என்பதால் தேடுவது எளிது. 'துக்கி பூக்கி'யும் 'மில் சொலெய்'யும் ஒரே இரவில் அடுத்தடுத்துப் பார்க்க வேண்டியவை, முன்னதன் பிரதியை 2008-இல் நன்றாகப் புதுப்பித்திருக்கிறார்கள், மங்கலான பழைய பிரதியில் பார்த்து ஏமாற வேண்டாம். 'டாட்டர்ஸ் ஆஃப் த டஸ்ட்' படத்தை அவசரமில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள், முதல் தடவை பாதிக்கு மேல் பிடிபடாவிட்டாலும் பரவாயில்லை, இரண்டாம் தடவை அந்தக் குடும்பத்தில் யார் யாருக்கு என்ன உறவு என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும்.